ஏசியைத் தள்ளிப்போடும் மாப்பிள்ளைக்கு

கல்லிடைக்குறிச்சி,
பங்குனி 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். உம்ம தை மாசக் கடிதத்துக்குப் பங்குனியில் பதில் வருது. ஏச வேண்டியதை நேரில் ஏசிக்கிடும். கணக்கு சார் இப்போ தேவலை, கைத்தடி இல்லாமல் ஆத்தங்கரை வரை நடக்கிறார். ஓவர்சியர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மறுவீட்டுக்குச் சொதி உண்டு, அதனால் நீர் வராமல் இருக்கமாட்டீர் என்று தெரியும்.

எழுத உட்கார்ந்த காரியம் வேறே. தங்கச்சி போனில் பேசிச்சு. பாளையங்கோட்டை பெருமாள்புரத்து மாடி வீட்டில் ஏசியை மாட்டி வைத்துவிட்டு, சித்திரை விசு வரைக்கும் ரிமோட்டை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கீராம். காத்து வரட்டும் என்று பகல் முழுக்க ஜன்னலெல்லாம் திறந்து கிடக்காம். ராத்திரி கொசுவுக்குப் பயந்து எல்லாத்தையும் அடைக்கீராம். வே, இதைவிடத் தலைகீழாக ஒருத்தன் செய்ய முடியாது. ஏசியைத் தள்ளிப்போடும், யார் வேண்டாம் என்றது? விசு என்ன, கத்திரி பிறக்கிற வரைக்கும்கூடத் தள்ளலாம். ஆனால் அந்த நாட்களில் வீட்டுக்குச் செய்ய வேண்டிய வேலை இருக்கு. அதைச் செய்யாமல் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தால் அது சிக்கனம் இல்லை, வீம்பு.

உமக்குச் சூடு ஜன்னல் வழியாக வருவதைவிடத் தலைக்கு மேலே இருந்துதான் அதிகம் வருது. அஞ்சு இஞ்சு கான்கிரீட் காலை பத்து மணியிலிருந்து வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். அது அடிப்பக்கம் இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் சாயங்காலம் கொண்டல் வீசி ஊரே ஆறுகிற நேரத்தில் உம்ம பட்டாசலில், அதான் ஹாலில் மட்டும் வேர்த்து ஊத்துது. ஏழு மணிக்கு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாரும், விளங்கிரும். ஃபேன் ஓடும்போதும் உச்சந்தலையில் அனல் அடிக்குதே, அது காத்து இல்லை. சீலிங் நேராக உம்ம மேல் வீசுகிற சூடு. இந்த நிலையில் ஏசி போட்டால், மீட்டர் ஓடுவதில் பாதி அந்தக் கான்கிரீட்டை ஆத்துவதற்கே போகும். ஆகவே முதல் வேலை தட்டட்டியில், அதான் மொட்டை மாடியில்.

நிரந்தர வழி எங்க ஊர்ப் பழைய வீடுகளில் இருக்கு. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் தட்டி, மேலே தட்டோடு என்கிற தட்டை ஓடு. கான்கிரீட் தளத்துக்கு மேலேயும் அந்த ஜல்லிச் சுண்ணாம்பைப் போடலாம். பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மூணு இஞ்சு கனம், மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கணும். தட்டத் தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். எடையும் கூடும் என்பதால் எஞ்சினியர் பார்த்துச் சொல்லாமல் தொடாதீரும். வருகிற மாசிக்கு யோசிக்கலாம்.

இந்தக் கோடைக்கு வெள்ளை அடித்தால் போதும். புழுதி படிந்த சிமெண்டுத் தளம் விழுகிற வெயிலில் மூணில் ரெண்டு பங்குக்கு மேலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளைத் தளம் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிரும். கடையில் விற்கிற அக்ரிலிக் கூலிங் பெயிண்ட் நல்லதுதான், சில வருஷம் தாங்கும், விலைதான் எகிறும். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் பாதி கரைந்துபோகும், வருஷா வருஷம் அடிக்கணும். உம்ம கைக்கும் பைக்கும் சுண்ணாம்புதான் சரி.

800 சதுர அடிக்கு மூணு கோட்டு அடிக்க, நீர் படாத கல் சுண்ணாம்பு 20 கிலோ வாங்கும். அதாவது சுட்டது, ஆனால் தண்ணி ஊத்தி நீர்க்காதது. கடையில் இப்படிக் கேட்டால்தான் தருவான். பிளாஸ்டிக் வாளியில் நீர்க்க வைக்காதீரும், கொதிக்கிற சூட்டில் இளகிப்போகும். தகர டிரம்மில் முதலில் தண்ணியை ஊத்தி, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். கல்லின் மேல் தண்ணி ஊத்தினால் வெடித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போயிரும், கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீரும். கிலோவுக்கு மொத்தம் அஞ்சு லிட்டர் தண்ணி கணக்கு. ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, கடைசியில்தான் ஃபெவிகால் டிடிஎல் பசை ஒன்றரைக் கிலோவைக் கரைத்துச் சேர்க்கணும்.

அடிக்கிற நேரம் முக்கியம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் தளத்தைக் கூட்டி, பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டி, கழுவி, ஈரம் இருக்கும்போதே முதல் கோட்டு. சுண்ணாம்பு காத்தோடு சேர்ந்துதான் இறுகும், அதுக்கு ஈரமும் நேரமும் வேணும். உச்சி வெயிலில் அடித்தால் அஞ்சு நிமிஷத்தில் காய்ந்து, கால் வைத்தால் மாவாக ஒட்டிக்கிட்டு வரும். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, தளம் அப்படியே சாம்பலாக இருக்கும். உடனே "பத்தலையே" என்று கெட்டியாகப் பூசிராதீரும். காயக் காயத்தான் வெளுக்கும். கெட்டியாகப் பூசினால் வெடித்துப் பொருக்குப் பொருக்காகக் கிளம்பிரும். ரெண்டாவது கோட்டு மறுநாள், முதலுக்குக் குறுக்கே; மூணாவதும் அப்படியே. மழைத்தண்ணி கிணத்துக்குப் போகிற குழாய் இருந்தால் முதல் ரெண்டு மழையைத் திருப்பி வெளியே விடும். பிறகு வாரம் ஒரு தரம் புழுதியைக் கூட்டணும், இல்லாவிட்டால் அழுக்கு வெள்ளை பாதி வேலைதான் செய்யும். தங்கச்சி இதிலே வத்தல் காயப்போடட்டும், அப்பளம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிரும். அப்பளத்துக்குப் பேர்போன எங்க ஊர்ப் பேரைக் கெடுக்கப்படாது.

அடுத்தது சுவர். மேற்குப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சாயங்கால வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் ரெண்டடி சன்ஷேடுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் நம்ம ஊரில் வடக்குச் சுவரும் சூடாகும் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஏப்ரல் 12 வாக்கில், விசுவுக்குச் சற்று முன்னே, சூரியன் நம்ம நேர் உச்சியில் நிற்கும். அதுக்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நடுப்பகலில் வடக்கே சாய்ந்துதான் போகும், அஸ்தமிப்பதும் வடமேற்கில். ஆகவே வைகாசி, ஆனியில் சாயங்காலம் உம்ம வடக்கு ஜன்னலிலும் வெயில் ஏறும். திரையை உள்ளே போடுவது அழகுக்குத்தான். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான். மறைப்பு வெளியே இருக்கணும். பனையோலைத் தட்டியோ, பச்சை நிழல்வலையோ, சுவரிலிருந்து அரை அடி தள்ளித் தொங்கவிடும். இடைவெளி விட்டால் சூடேறின காத்து மேலே ஏறிப் போயிரும். ஒட்டிக் கட்டினால் வலையின் சூடும் சுவருக்கே வரும். ஆனி பிறந்தால் மேல்காத்து பேயாக அடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் கரண்ட் எடுக்கிற காத்தாடிகள் சும்மாவா நிற்குது? தட்டியைக் கீழேயும் இழுத்துக் கட்டணும்.

ஜன்னல் விஷயத்துக்கு வாரேன். உம்ம சட்டத்தைத் திருப்பிப் போடும். வெளிக்காத்து உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருந்தால் திற, சூடாக இருந்தால் மூடு, அம்புட்டுதான். சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரெண்டு வாங்கி ஒன்றைப் பட்டாசலிலும் ஒன்றைக் கிழக்கு நிழலிலும் மாட்டினால் சண்டைக்கு இடமில்லை. பொதுவாகக் காலை எட்டரைக்கு மூடி, சாயங்காலம் ஆறுக்கு மேல் திறக்கிற மாதிரி வரும். கொசுவுக்கு வலை அடியும், ஜன்னலை அடைக்காதீரும். ராத்திரியில் மாடிப்படிக் கூண்டுக் கதவைக் கம்பி அளி போட்டுத் திறந்துவிட்டால் சூடு அந்த வழியாக மேலே ஏறிப் போகும், கீழ் ஜன்னலில் குளிர்காத்து இழுக்கும். கூண்டில் 12 இஞ்சு எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. ஆளில்லாத அறையில் சீலிங் ஃபேனை ஓட விடாதீரும். ஃபேன் அறையை ஆத்தாது, வேர்வையைக் காய வைத்து உடம்பைத்தான் ஆத்தும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கம்தான்.

ஏர் கூலர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர். பாளையங்கோட்டையில் மத்தியானக் காத்து வறண்டது, வேலை செய்யும். ஈரக்காத்து வீசுகிற கடலோரத் திருச்செந்தூர்ப் பக்கம் என்றால் வேண்டாம் என்பேன். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டைக் கொண்டுபோகும், ஆனால் அந்த ஈரக்காத்து வெளியே போக எதிர் ஜன்னல் திறந்திருக்கணும். அடைத்த அறையில் கூலர் ஓட்டினால் அரை மணி நேரத்தில் புழுங்கிரும். தண்ணியை வாரம் ஒரு தரம் கொட்டிக் கழுவும், இல்லாவிட்டால் கொசு வளர்க்கிறீர் என்று அர்த்தம். சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடிக்கச் சொல்லித் தங்கச்சியிடம் நீர்தான் சொல்லணும், என்னால் ஆகாது. மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பத்தமடைப் பாயில் படும்.

இப்போ விளையாட்டை விடுவோம். உம்ம வீட்டில் இருக்கிற அத்தைக்கு வயசு எண்பதுக்கு மேல். "எனக்கு வேர்க்கவே இல்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று அத்தை சொல்லும். அதைத்தான் நம்பக் கூடாது. வயசானால் தாகம் தெரியாது, வேர்வையும் குறையும். பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை எடுத்தால் இன்னும் கவனம்; அளவை மாத்துவதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் இப்போதே கேட்டு வையும், நீராக நிறுத்தாதீரும். உள்ளே இருக்கிற தெர்மாமீட்டர் 35-ஐத் தாண்டினால் காத்து தோலைவிடச் சூடு, ஃபேன் மட்டும் போட்டுப் பலன் குறைந்துபோகும். அன்றைக்கு விசுவாவது சட்டமாவது, அத்தை இருக்கிற அறையில் ஏசியைப் போடணும். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் உளறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, சேலையை நனைத்து ஃபேனைப் பக்கத்தில் வைத்துவிட்டு 108-க்குப் போன் போடும். நினைவு தப்பின ஆளுக்கு வாயில் தண்ணி ஊத்தாதீரும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி உமக்குப் பத்து நிமிஷம்தான்.

ஏசி போடுகிற நாளில் 26-ல் வைத்து, ஃபேனை மெதுவாகச் சேர்த்து ஓட்டும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய ஆறு சதவீத கரண்ட் மிச்சம். ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் போயிரும், அந்த எண்ணைத்தான் நீர் காவல் காக்கணும், ரிமோட்டை இல்லை. ஃபில்டரை இப்போதே கழற்றிக் கழுவி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாரும். கோளாறு இருந்தால் பங்குனியில் மெக்கானிக் வருவான், சித்திரையில் போனையே எடுக்கமாட்டான்.

தட்டட்டியின் நீள அகலத்தை அளந்து எழுதும், எத்தனை இடத்தில் வெடிப்பு இருக்கு என்றும். வெடிப்பை அடைக்காமல் சுண்ணாம்பு அடித்துப் பிரயோசனமில்லை. அத்தையின் மாத்திரைச் சீட்டையும் ஒரு நகல் அனுப்பும், நம்ம கம்பவுண்டரிடம் காட்டுகிறேன்.

உம்ம
மச்சான்