பால்கனியில் கீரை வளர்ப்போருக்கும் வழிகாட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண்மைப் பக்கத்தில் மாடித் தோட்டம் பற்றி வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து, பயனுள்ளவற்றைக் கத்தரித்து வைப்பவள் நான். அவை எல்லாமே, படிப்பவருக்கென்று ஒரு மொட்டை மாடி இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதப்படுகின்றன. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சிறு வீடுகளில் வாழ்கிற எங்களுக்கு வாய்த்திருப்பது ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு பால்கனிதான். துணி காயப்போடக் கொடி கட்டியது போக எஞ்சிய இடத்தில்தான் தொட்டி வைக்க வேண்டும். எங்களையும் மனத்தில் வைத்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

அன்னூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவள் நான். வீட்டின் பின்புறம் எங்கள் பொடக்காலியில் பாத்திரம் கழுவிய தண்ணீர் பாய்ந்தே ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் தழைத்திருந்தன. வேலியில் அவரையும் அரசாணியும் படர்ந்து கிடந்தன. அடுப்பில் எண்ணெய் காய்ந்த பிறகு ஓடிப்போய்க் கறிவேப்பிலை பறித்து வந்த பழக்கம், கோவை கணபதிப் பகுதியில் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. முதலில் நானும் மொட்டை மாடியில்தான் பத்துப் பைகளில் தக்காளியும் கத்தரியும் வைத்தேன். அவ்வாண்டு ஐப்பசி மழையில் மேல்தளத்து வீட்டின் கூரையில் ஈரம் பூத்துவிட்டது. பைகளைத் தூக்கிப் பார்த்தபோது, அடித்துளை வழியே இறங்கிய வேர்கள் தட்டோடுகளின் இடுக்கில் புகுந்து பற்றிக்கொண்டிருந்தன. பைகளுக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தளத்திலிருந்து உயர்த்தி வைத்திருந்தால் அது நேர்ந்திருக்காது என்று அன்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இனி மாடியில் செடியே வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. ஈரச் சுவரோடு குடியிருந்தவர்களின் வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் ஒட்டுமொத்தத் தடை எனக்கு இன்றும் மனக்குறையாகவே இருக்கிறது.

அதன் பிறகு பால்கனியில் பட்டுத் தெரிந்துகொண்டவற்றுள் முதன்மையானது வெயில் பற்றியது. உரத்தையும் பூச்சியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், உங்கள் பால்கனி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று முதலில் கேட்பதில்லை. கோவை ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்துவிடுகிறது. ஆகவே வடக்குப் பார்த்த பால்கனிக்குக் கோடையிலும் ஆடியிலும் கிடைக்கிற நேர் வெயில், மார்கழியிலும் தையிலும் எட்டிக்கூடப் பார்க்காது. தெற்குப் பார்த்த பால்கனிக்கோ மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மாதங்கள்தான் பொற்காலம். கிழக்குப் பார்த்தது என்றால் காலையில் மூன்று நான்கு மணி நேரம் இளவெயில் ஆண்டு முழுவதும் உண்டு. கீரைக்கு அது போதும். மேற்குப் பார்த்தது பங்குனி, சித்திரையில் இலைகளைக் கருக்கிவிடும் என்பதால், பழைய பருத்திப் புடவையொன்றைப் பிற்பகலில் திரையாகக் கட்ட வேண்டியிருக்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் தேவை. இது தெரியாமல் வடக்குப் பால்கனியில் தைப் பட்டத்துக்குத் தக்காளி நட்டு, கொடிபோல் நீண்டு வெளிறிப் போன செடியைப் பார்த்து, நமக்குக் கைராசி இல்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே பலர்.

சிறிய இடத்துக்கு ஏற்றவை கீரைகளும் தழைகளும்தான் என்பது என் உறுதியான கருத்து. ஐந்தாறு அங்குல ஆழமுள்ள தட்டே அவற்றுக்குப் போதுமானது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, நம் ஊரின் பெயரையே முன்னெழுத்தாகத் தாங்கிய கோ 3 கீரை, கிள்ளிக் கிள்ளிப் பறிப்பதற்கென்றே உருவான இரகம். விதைத்த இருபதாம் நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பத்து முறை வரை கிள்ளலாம். இரண்டடிக்கு ஓரடித் தட்டு ஒன்றில் நான் வளர்ப்பது, ஒரு முறை கிள்ளினால் இருவருக்குப் பொரியலுக்கு ஆகிறது. பொடி விதை என்பதால் மணலோடு கலந்து தூவி, எறும்பு இழுத்துப் போகாமல் தட்டைச் சுற்றி மஞ்சள் தூளைக் கோடுபோல் போட்டுவிடுகிறேன். உழவர் சந்தையில் வாங்கும் புதினாக் கட்டில் இலைகளைத் துவையலுக்கு ஆய்ந்தபின், தண்டுகளை ஒரு தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் கணுக்களில் நூல் நூலாக வெள்ளை வேர் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொத்துமல்லியை மட்டும் முழு விதையாக ஊன்றாமல், தரையில் பரப்பிச் சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாக உடைத்து ஊன்ற வேண்டும். சித்திரையின் கத்திரி வெயிலில் அதை விதைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

எடையும் கசிவும்தான் கீழ்வீட்டாரின் அச்சம். வெறும் செம்மண் நிரப்பிய தொட்டி நனைந்தால் இருவர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கும். பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவும் மட்கிய எருவும் செம்மண்ணும் சம பங்காகக் கலந்தால் நான் ஒருத்தியே நகர்த்திவிடுகிறேன். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துதான் பயன்படுத்த வேண்டும். அதில் உப்பு தங்கியிருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்த ஓராண்டு, தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் கட்டி, கொத்துமல்லி இலைகளின் ஓரம் தீய்ந்துபோயிற்று. இப்போது அரிசியும் பருப்பும் களைந்த தண்ணீரும், குழாயில் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்த ஒரு குடமும் என் தட்டுகளுக்குச் சரியாக இருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஓர் ஏந்து தட்டு வைத்திருப்பதால் ஒரு சொட்டும் கீழே விழுவதில்லை.

நம் பகுதிக்கே உரிய இன்னொன்று காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில், உயரமான மாடிகளில் காலையில் ஊற்றிய தண்ணீர் நண்பகலுக்குள் உலர்ந்துவிடுகிறது. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பது அம்மாதங்களில் தெருவில் போகிறவர்களின் தலைக்கே ஆபத்து.

இதனால் காய்கறிச் செலவு பெரிதாகக் குறைந்துவிடும் என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. சந்தையில் ஒரு கட்டுக் கீரையின் விலை அப்படியொன்றும் அதிகமில்லை. பறித்த கால் மணி நேரத்தில் வாணலிக்குப் போகும் கீரையின் சுவையும், அதன்மேல் என்ன தெளிக்கப்பட்டது என்று ஐயமின்றிப் பிள்ளைக்கு ஊட்ட முடிகிற நிம்மதியுமே என்னை இதில் நிறுத்தி வைத்திருக்கின்றன.

செடி வளர்க்கும் பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரம் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி மானிய விலையில் தரும் திட்டத்தை அரசு 2013-14ஆம் ஆண்டில் சென்னையோடு நம் கோவையிலும்தான் தொடங்கியது. அதன் பயனை நானும் பெற்றேன்; நன்றியோடு நினைக்கிறேன். அதே திட்டத்தில் பால்கனி வீடுகளுக்கென ஆழம் குறைந்த தட்டுகள் இரண்டு, அவற்றுக்கான ஏந்து தட்டுகள், நான்கைந்து கீரை விதைகள், திசைவாரியாக எந்த மாதம் எதை விதைக்கலாம் என்று சொல்லும் ஒரு பக்கத் துண்டறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துச் சிறிய தொகுப்பு ஒன்றைத் தோட்டக்கலைத் துறை வழங்க வேண்டும். தங்கள் வேளாண்மைப் பக்கத்திலும் மாதம் ஒருமுறையாவது பால்கனிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். வரும் ஐப்பசியில் தெற்குப் பால்கனிக்காரர்களிடமிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கணபதி, கோயம்புத்தூர்.