உன் இரவுத் தூக்கத்தைப் பற்றி

கோவில்பட்டி

அன்பு நண்பா,

சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்துபோக வேண்டியிருக்கிறது, வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, உடனே பேத்தியின் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டாய். அப்போது நானும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மனத்தைவிட்டு அகலவில்லை. நேரில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது உனக்கு நினைவிருக்கும். அந்தத் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் மாதந்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். ‘அண்ணன் இருக்கிறாரா, அவருக்கும் ஒருமுறை பிரஷர் பார்த்துவிடலாமே’ என்று வரும்போதெல்லாம் கேட்பாராம். காலை ஏழு மணிக்குக் கடை திறக்கப் போனால் இரவு பத்து மணிக்குத்தான் நான் வீடு திரும்புகிறேன். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. பொங்கலை ஒட்டிக் கடை அடைத்திருந்த ஒரு நாளில் அவர் வந்தார். கருவியின் பட்டையை என் கையில் சுற்றினார். 178/104 என்று காட்டியது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார், பெரிதாக இறங்கவில்லை. எனக்கோ தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. முந்தைய நாள்கூட அரிசி மூட்டைகளை நானே இறக்கி வைத்திருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, ஆனால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கூடி 1.6 இருந்தது, சிறுநீரில் புரதமும் கசிந்திருந்தது. ரத்த அழுத்தம் பல ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்றும், சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அது சிறிது சிறிதாகக் கெடுத்து வந்திருக்கிறது என்றும் மருத்துவர் சொன்னார். பிறகு, மூட்டுவலிக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டார். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி, வாரத்தில் நான்கைந்து நாள் டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டேன். அது அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும் என்று அவர் விளக்கியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அழுதுவிட்டாள். இப்போது மாத்திரையாலும், ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டதாலும் அழுத்தத்தின் மேல் எண் 130-ஐ ஒட்டி நிற்கிறது. இழந்த திறன் முழுவதும் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

நம் வீட்டுப் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக் காலத்திலேயே எடை, ரத்தம், அழுத்தம் எல்லாம் பார்க்கப்படுவதால், வலி இல்லாதபோதும் மருத்துவரிடம் உடம்பைக் காட்டும் பழக்கம் ஏதோ ஓரளவுக்கு வந்துவிடுகிறது. நமக்கோ, பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்ட பிறகு, விழுந்து எழ முடியாமல் போகும்வரை அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. வலித்தால்தான் வியாதி என்று நம்பியே வளர்ந்துவிட்டோம். வலி வந்தாலும் அதற்கு வேறு பெயர் வைக்கிறோம். நம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை நினைத்துப் பார். மார்பு இறுக்கமும் வியர்வையும் வந்த அந்த இரவில், வாயு என்று சொல்லி ஓமத் திரவம் குடித்துவிட்டுப் படுத்தான், 49 வயது. இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் நோயாளி அங்கே போய்ச் சேர வேண்டுமே.

இனி உன் விஷயம். ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்குவது மிகவும் சாதாரணம். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. சர்க்கரை கூடினாலும் இரவில் இப்படி எழ நேரும். எது காரணம் என்பதை நீயும் நானும் பேசித் தீர்மானிக்க முடியாது. வீக்கம் சிறுநீர்ப் பாதையை அடைத்தால், தேங்கும் நீர் பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி. புராஸ்டேட்டின் நிலையை அறிய பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையையும் எடுக்கச் சொல்லலாம். அதில் எண் கூடியிருந்தாலும் நீ பதற வேண்டாம். சாதாரண வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும்கூட அது கூடும். சிறுநீரில் ரத்தம் கண்டிருந்தால் மட்டும் கூச்சப்படாமல் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா என்றும் கேட்பார்கள்.

வரும் வியாழக்கிழமை கடையை மகனிடம் விட்டுவிட்டு முதல் பேருந்தில் சங்கரன்கோவிலுக்கு வருகிறேன். உன்னைத் தனியாகப் போகச் சொன்னால் போக மாட்டாய் என்று நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் தெரியும். காலையில் காப்பியும் பீடியும் இல்லாமல், வெறும் வயிற்றோடு இரு, தண்ணீர் குடிக்கலாம். நீ போட்டுக்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளை, வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் எடுத்து வைக்கும்படி அண்ணியிடம் சொல். இந்த மூன்று நாளும் இரவில் எத்தனை முறை எழுந்தாய் என்று ஒரு தாளில் குறித்துவை.

அன்புடன்,
உன் நண்பன்