மிதித்தால் மட்டும் மிஸ்ஸாகிற வண்டி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய வீடியோவைச் சத்தம் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் சீராகத்தான் ஓடுகிறது. சேலம் தாண்டி தொப்பூர் மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதுதான் வண்டி திக்கித் திக்கி இழுக்கிறது, இன்ஜின் லைட்டும் மினுக்குகிறது என்கிறாய். ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்குச் சரி என்று சொல்லிவிடாதே. எந்த சிலிண்டர் மிஸ்ஸாகிறது, அதாவது எதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்றே அவர்கள் பார்க்கவில்லை. பார்க்காமல் சாமான் மாற்றுவது உன் காசில் அவர்கள் பரீட்சை எழுதுகிற மாதிரி.

மிதிக்கும்போது மட்டும் ஏன் என்று கேட்டாய் அல்லவா? லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகம் போகும், உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் ஸ்பார்க் பிளக் முனையில் பொறி தாண்ட வோல்டேஜும் கூடுதலாக வேண்டும். அந்த வோல்டேஜைக் கொடுக்கிற இக்னிஷன் காயில் பலவீனமாக இருந்தாலோ, பிளக் தேய்ந்து அதன் முனைகளுக்கு நடுவே இருக்கும் கேப் அகன்றிருந்தாலோ, சும்மா நிற்கும்போது சமாளித்துவிடும், மேட்டில் கைவிட்டுவிடும். அதனால் என் சந்தேகம் முதலில் பிளக், காயில் மேல்தான். இன்ஜெக்டர் அதற்கு அப்புறம்.

லைட் மினுக்குவதைச் சாதாரணமாக நினைக்காதே. விடாமல் எரிந்தால் பொறுமையாகக் காட்டலாம். மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்கிற கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். காயில் விலையெல்லாம் அதன் பக்கத்திலேயே வராது. சரியாகும் வரை மெதுவாக, ஊருக்குள் மட்டும் ஓட்டு. இந்த வாரம் ஊருக்கு வருவதாக இருந்தால் பஸ்ஸில் வா.

முதல் வேலை, வண்டி பதிந்து வைத்திருக்கும் எரர் நம்பரைப் படிக்கிற ஸ்கேனர் போடுவது. பி0301 என்று வந்தால் ஒன்றாவது சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. உன் வண்டி மாதிரி இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருப்பவற்றில் பெரும்பாலும் பெல்ட் ஓடுகிற பக்கம்தான் ஒன்றாம் நம்பர். பி0300 மட்டும் வந்தால் ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை. அப்போது கதை வேறு. பெட்ரோல் பிரஷர், ஃபில்டர், எங்கேயாவது காற்று இழுக்கிற ஹோஸ் என்று போக வேண்டும். நீ ரிசர்வ் லைட் எரிய எரிய ஓட்டுகிற ஆள் என்பதால் சொல்கிறேன்: டேங்குக்குள் இருக்கும் பம்ப் சூடாகாமல் காப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

மூன்றாம் நம்பர் என்று வந்ததாக வைத்துக்கொள். இன்ஜின் ஆறின பிறகு, சாவியை எடுத்துவிட்டு, மூன்றாவது காயிலின் கனெக்டர் லாக்கை அழுத்திக் கழற்று. போல்ட்டை எடுத்து, காயிலை லேசாகத் திருப்பி நேராக மேலே இழு. குழிக்குள் டார்ச் அடித்துப் பார். ஆயில் தேங்கியிருந்தால் டேப்பெட் கவர், அதாவது இன்ஜின் மேல் மூடியின் பேக்கிங் போய்விட்டது. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டாலும் நிலைக்காது. காய்ந்திருந்தால், மூன்றாவது காயிலை ஒன்றாவதில் மாட்டு, ஒன்றாவதை மூன்றாவதில் மாட்டு. ஸ்கேனரில் பழைய எரர் நம்பரை அழித்துவிட்டு ஓட்டிப் பார். இப்போது பி0301 வந்தால் குற்றவாளி காயில். பி0303லேயே நின்றால் அடுத்து பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பார். அதற்கும் நகரவில்லை என்றால்தான் இன்ஜெக்டர். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல். இடம் மாற்றி மாட்டிப் பார்ப்பது காசு செலவில்லாத சோதனை. ஒர்க்‌ஷாப்பில் செய்தாலும் பக்கத்தில் நின்று பார்.

அம்பாசிடர் காலத்தில் ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சத்தம் மாறாத சிலிண்டர்தான் செத்தது என்று கண்டுபிடிப்போம். யாராவது பெரியவர் உன் வண்டியில் அதைச் செய்ய வந்தால் விடாதே. பல்லாயிரம் வோல்ட் அடிக்கும், காயிலும் கெடும்.

பிளக்கைக் கழற்றும்போது முனையைப் பார். இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது அங்கே எரியவே இல்லை. வெள்ளைப் பீங்கான் மேல் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடினால் கரண்ட் அந்த வழியாகத் தப்பிப் போயிருக்கிறது. கைக்கண்ணாடி வைத்தே தேடு, சாதாரணமாகக் கண்ணில் படாது. அப்படியிருந்தால் பிளக்கோடு காயிலின் ரப்பர் பூட்டையும் மாற்ற வேண்டும்.

புது பிளக் போடும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருப்பச் சொல். பிளக் ஏறுகிற ஹெட், அதாவது இன்ஜினின் மேல் பாகம், அலுமினியம், மரை மாறி ஏறினால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். கேப் எவ்வளவு என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும், இந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் பக்கம். இரிடியம் பிளக்கின் நடு முனையை நெம்பக் கூடாது. சாதாரண நிக்கல் பிளக் என்றால் நாலையும் சேர்த்தே மாற்றிவிடு. காயில் கெட்டது மட்டும் போதும்.

ஸ்கேனர் ரீடிங்கை அழிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பிளக், காயில் எல்லாம் பில் போட்டுத் தருகிற கடையில் வாங்கு. டூப்ளிகேட் டப்பா அசலை விட அழகாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா