மலை இறங்கும் வன்னி வான்களுக்கு

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவில் சுற்றுலா வான் ஓட்டும் தம்பிமாருக்கும் வான் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கடலோரமாய்ப் போய், வெல்லவாயவால் எல்ல ஏறி, நுவரெலியா பார்த்து, கண்டியால் வீடு திரும்பும் ட்ரிப்பைத்தான் இப்ப எல்லாரும் கேட்கிறார்கள். ஏற்றம் எஞ்சினை வருத்தும், அவ்வளவுதான். பயம் கடைசி நாளில், றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது. 2025 மே 11 அன்று பேருந்து பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்த கெரண்டி எல்ல என்ற இடம் இந்த வீதியில்தான் இருக்கிறது.

மேடு பள்ளமில்லாத ஏ9 வீதியில் பழகிய கால், இறக்கத்தில் பிறேக்கை விட்டு எழும்பாது. பிறேக் லைனர் சூடேறிப் பிடிமானம் குறையும். பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சூட்டில் அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோலத் தரைவரை போகும். இரண்டு வருடம் கடந்த ஒயிலோடு மலைக்கு வெளிக்கிடாதீர்கள்.

இறக்கம் தொடங்குமுன்னரே இரண்டாம் கியர். ஓட்டோ வான் என்றால் ஓ.டி.யை (ஓவர்டிரைவை) நிறுத்திவிட்டு, கியரை இரண்டுக்கோ "L"க்கோ மாற்றுங்கள். பிறேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுதாய் விடுங்கள். உரசிக்கொண்டே வரக்கூடாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவோர் இன்னும் இருக்கிறார்கள். கியரில் இறங்கினால் இப்போதைய எஞ்சின்கள் டீசலையே வெட்டிவிடும், நியூட்ரலில்தான் எரியும்! எஞ்சினையே நிறுத்தினால் இரண்டு மூன்று மிதியில் பிறேக் மிதிக்க உதவும் பூஸ்டர் காலி, ஸ்டேரிங்கும் இறுகும்.

கருகல் மணம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். அரை மணித்தியாலமாவது ஆறட்டும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையும், டிரம் வெடிக்கும்.

மழைக்கணக்கும் நம்முடையதல்ல. ஓகஸ்ட் விடுமுறையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வன்னியையும் கிழக்குக் கரையையும் காயவைக்கும். அதே நாளில் றம்பொடைப் பக்கம் மழையும் மூடுபனியும். டிசம்பரில் வாடைமழை கிழக்குக் கரையையும் பதுளைச் சரிவுகளையும் பிடிக்கும். புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், இல்லாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் வீதி திறந்திருந்தாலும் இறங்காதீர்கள்.

உரிமையாளர்களிடம் ஒன்று கேட்கிறோம். நுவரெலியாவை மதியத்துக்குள் விட்டால் றம்பொடை வளைவுகள் வெளிச்சத்திலேயே முடியும். மறுநாள் விடிய வேறு ஹயரை ஒத்துக்கொண்டு, "இரவோடு இரவாக வா" என்று சாரதிக்குப் போன் அடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
மலைநாட்டு ஓட்டம் பழகிய வன்னிச் சாரதிகள் சிலர்