கோமதிக்கு, அப்பா எழுதுவது

அன்பு மகள் கோமதிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். இந்த மழைக்குக் கிணற்றில் தண்ணீர் ஏழு படி ஏறியிருக்கிறது. சண்முகம் மகள் நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமையாக நீ போன் பண்ணவில்லை. குறையாகச் சொல்லவில்லை. போன் வந்தாலும் நான் "சாப்பிட்டியா"வைத் தாண்டுவதற்குள் அம்மா பிடுங்கிவிடுகிறாள். அதனால்தான் கடுதாசி.

கோவா அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு நீ அனுப்பிய தாளை டிரிப் ஷீட் மாதிரி வரி வரியாகப் பார்த்தேன். மிராமர் கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், சைக்கிள் 90, ஓட்டம் 21.1. கூட்டினால் 113. பெயரில் இருக்கிற 70.3 மைல் கணக்கு என்பது பிறகுதான் பிடிபட்டது. 90 என்றால் நம்ம நெல்லை ஜங்ஷனிலிருந்து ஏறக்குறைய கன்னியாகுமரி. முப்பத்தொரு வருஷம் அந்த ரூட்டில் டிக்கெட் கிழித்தவன் நான். காவல்கிணறு பக்கம் ஆடிக் காற்று பஸ்ஸையே ஒருபக்கமாகத் தள்ளும். அவ்வளவு தூரம் மிதித்துவிட்டு, இறங்கின காலோடு நீ ஓடப்போகிறாய். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று டீக்கடையில் சொன்னேன், ஒருத்தனும் நம்பவில்லை. "முப்பத்தொம்பது வயசுல இது எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒருவன் கேட்டான். அவளுக்குத் தெரியும்லே என்று அவன் வாயை அடைத்துவிட்டேன். எனக்குத்தான் தெரியவில்லை.

உப்பை மறந்துவிடாதே. வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வாந்தி வரும், புத்தி தடுமாறும், விழுந்தே விடுவார்கள் என்று நீதான் சொன்னாய். சொன்னவள்தான் மறப்பாள். சித்திரை வெயிலில் டியூட்டிக்குப் போகும்போது உன் ஆச்சி நீராகாரத்தில் உப்புப் போட்டுத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுவாள். அதைக் குடித்த நாளில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் என் போனில் ஸ்ட்ராவா என்று ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நீ ஓடி முடித்ததும் தெருப்படத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு வருகிறது. "கோடு வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா காபிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறாள். நாலு மணி இருட்டில் கிளம்புகிறாய். ஈசிஆர் ரோட்டில் லாரியும் நாயும் உண்டு, சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா பார்த்துக்கொள். ஒன்றரை மாதமாகக் கோடு மடிப்பாக்கத்திலிருந்து கிளம்பவில்லை. திருவான்மியூரில் ஒரு சந்தில் தொடங்கி அதே சந்தில் முடிகிறது. கடல் பக்கம், பயிற்சிக்குத் தோதாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு நான் போன் பண்ணவில்லை. பண்ணவும் மாட்டேன்.

கடைசி இரண்டு வாரம் பயிற்சியைக் குறைக்க வேண்டும் என்று உன் கோச் சொன்னதாகச் சொன்னாய். கோடு ஒன்றும் குறைகிற மாதிரித் தெரியவில்லை. நேற்றும் 24 கிலோமீட்டர். உடம்பு தேறுவதற்கு நாள் கொடு தாயி. இந்தப் பிடிவாதம் பெரியத்தையிடமிருந்து வந்தது. அவளும் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

கடல் நீச்சல்தான் எனக்குப் பயம். நம்ம கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். அங்கே நீயேதான் தலையைத் தூக்கித் தூக்கி மிதவையைப் பார்த்துப் போக வேண்டும். சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி உன்னை நான்தான் இறக்கிவிட்டேன். பெரிய மனுஷி ஆனதும் கிணற்றுப் பக்கம் போகாதே என்று நிறுத்தினதும் நான்தான். அது உனக்குத் தெரியும், அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் 1500 மீட்டரில் நீ முதலாவதாக வந்தாயே, அந்த வாரம் பி.டி. சார் வீட்டுக்கு வந்தார். பாளையங்கோட்டையில் மாவட்டப் போட்டி, அப்பா கையெழுத்து வேண்டும் என்று பாரத்தை நீட்டினார். நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். "அவளுக்கே இஷ்டமில்ல சார், வெக்கப்படுதா" என்றேன். அவர் நம்பவில்லை. திண்ணையில் உன் ஷூ காய்ந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். டவுசர் போட்டு ஓடுகிறாள் என்று தெருவில் நாலு பேர் பேசினது எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது. "சார் ஏம்ப்பா என்னைக் கூப்பிடல?" என்று நீ கேட்டபோது, உன்னைவிட வேகமாக ஓடுகிற பிள்ளை கிடைத்திருக்கும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நீ ஓடவே இல்லை. இருபத்தைந்து வருஷமாக அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இதையும் அவளுக்குப் படித்துக் காட்டப்போவதில்லை.

ஜாம்நகர் எக்ஸ்பிரஸ் கோவாவில் மட்காவ் வழியாகத்தான் போகிறது. வரட்டுமா என்று கேட்கவில்லை, வண்டி இருக்கிறது என்று சொல்கிறேன். கூட்டத்தில் ஓரமாக நிற்பேன்.

கருப்பட்டி இரண்டு கிலோ பார்சல் போட வேண்டும். எந்த விலாசத்துக்கு என்று சொல். உப்பு மறக்காதே.

மாடி அறையில் கிடந்த நெல் மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டேன். சும்மாதான், எலித் தொல்லை. சுண்ணாம்பும் அடித்தாயிற்று. படிக்கட்டை டேப் வைத்து அளந்தேன், இரண்டே முக்கால் அடி இருக்கிறது. திருப்பத்தில் மட்டும் கைப்பிடிச் சுவர் இடிக்கும் போலிருக்கிறது. உன் சைக்கிள் ஹேண்டில் பார் எவ்வளவு அகலம் என்று எழுது. கொத்தனாரிடம் சொல்ல வேண்டும்.

அப்பா