பேனைக்கு விலை கேட்டாயே, மச்சான்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோவுக்கு எண்ணெய் பிடிப்பதாக எழுதியிருந்தாய். எண்ணெய் ஒரு பக்கம் இருக்கட்டும், மாடிப்படி ஏறுவதை முதலில் விடு. இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பட்டறைக்குள் எது மரத்தூள், எது தெருப்புழுதி என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோட்டை மான்கள் வழமைபோல வீதிக்கு வந்து மரக்கறிக் கழிவு தின்கின்றன. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இவ்வளவு துணிச்சலாக நின்றனவா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "மரப்பேனை ஒன்றுக்கு 4500 ரூபாயா? பகல் கொள்ளை. கடையில் வாங்கும் பேனையும் இதே எழுத்தைத்தானே எழுதும்" என்று கேட்டிருந்தாய். வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். நீ ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவன். அதனால் கணக்கையே உன் முன்னால் வைக்கிறேன், பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழி.

தொடக்கத்தில் நான் விற்ற விலை 900 ரூபாய். பேனைக்குள் போகும் உலோகப் பாகங்களைக் கிட் என்று ஒன்றாகத்தான் விற்பார்கள்: பித்தளைக் குழாய் இரண்டு, முனை, கிளிப், திருகும் பாகம், ரீஃபில். அது அப்போது 500 ரூபாய். மரம் சும்மா கிடைத்தது. ஆக 400 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக இருந்தேன். ஒருநாள் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள், "உங்கட கூலி எங்க?" என்று. பதில் சொல்லத் தெரியவில்லை. ஓய்வூதியம் வருகிறது, பொழுதுபோக்குக்குத்தானே செய்கிறேன் என்று ஏதோ இழுத்தேன். அவள் அதை நம்பவில்லை. அடுத்த நாளே மணிக்கூட்டைப் பார்த்து எழுதத் தொடங்கினேன்.

பட்டறைக்கு வருகிறவர்கள் கடைசலைத்தான் பார்ப்பார்கள். மரம் சுற்ற, உளியை வைக்க, சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அது பத்து நிமிட வேலை. "இவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு காசு?" என்று கேட்பவர்கள் எல்லோரும் அந்தப் பத்து நிமிடத்துக்கு விலை போடுகிறவர்கள். அதற்கு முன்னால் துண்டு அறுக்க வேண்டும், 7 மில்லிமீற்றர் துளை நேராகப் போட வேண்டும். அவசரப்பட்டால் துளை வளையும், இல்லாவிட்டால் மறுபக்கம் மரம் பிய்த்துக்கொண்டு போகும். பிறகு குழாயை ஒட்டி ஓர் இரவு விட வேண்டும், காலையில் இரு முனையையும் குழாய் மட்டத்துக்குச் சீவ வேண்டும். கடைந்த பின் சாண்ட் பேப்பர் 150ஆம் எண்ணில் தொடங்கி 600க்கு மேல் வரை படிப்படியாக. அதற்கு மேல் மெருகு, கடைசியாகப் பாகங்களை அழுத்திப் பொருத்துவது. ஒட்டுக் காயும் நேரத்தைக் கழித்துவிட்டாலும் என் கையில் ஒன்றரை மணித்தியாலம் போகிறது.

இங்கே ஒரு தச்சாசாரி நாட்கூலி 4000 ரூபாய்க்குக் குறைய வரமாட்டார். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 500. என் கூலியையும் அப்படியே வைத்தேன், ஒன்றரை மணிக்கு 750. கிட் இப்போது கப்பல் கூலியோடு 1100 வருகிறது. மரம் 150, பசையும் சாண்ட் பேப்பரும் மெருகும் 150, கரண்டும் உளி தீட்டுவதும் 100, பெட்டி 200. கூட்டினால் 1700. பத்துக்கு ஒன்று பிளந்தோ வெடித்தோ குப்பைக்குப் போகும், அதற்கு ஒரு 170. கூலியோடு 2620. மெஷின் தேய்மானம், கடைக்கு ஓடித்திரியும் ஓட்டோக் காசு, திருத்தக் கேட்டு வரும் பேனைகள், இவற்றுக்கு 300 போட்டேன். மொத்தம் 2920. இன்னும் ஒரு சதம் லாபம் வைக்கவில்லை, பார்.

இனி நான் விழுந்த குழியைச் சொல்கிறேன், உனக்குச் சிரிப்பு வரும். நிலாவெளிப் பக்கம் ஒரு கடை என் பேனைகளை வைத்து விற்கச் சம்மதித்தது, விற்ற விலையில் 30 வீதம் அவர்களுக்கு. எனக்கு 3150 கையில் வந்தால் போதும் என்று நினைத்து, அதற்கு 30 வீதம் கூட்டி 4095 என்று விலைச்சீட்டு ஒட்டினேன். அவர்கள் 4095இல் 30 வீதத்தை எடுத்தபோது எனக்கு வந்தது 2866. முதலுக்கே 54 ரூபாய் குறைவு! ஒரு சீசன் முழுக்க, விற்க விற்க நட்டம். கூட்டியிருக்கக் கூடாது, 0.7ஆல் வகுத்திருக்க வேண்டும். 3150ஐ 0.7ஆல் வகுத்துப் பார், 4500. நீ கொள்ளை என்று சொன்ன அதே 4500. கடை வழியாகப் போனால் அதில் என் லாபம் 230 ரூபாய். மாசிக் கருவாடு வாங்கக்கூடக் காணாது.

வீட்டுக்கு வருகிறவர்களுக்காவது குறைத்துக் கொடுக்கலாமே என்று அடுத்துக் கேட்பாய். கொஞ்சநாள் கொடுத்தும் பார்த்தேன். உப்புவெளி ஹோட்டலில் நின்ற ஒருவர் கடையில் விலை பார்த்துவிட்டு, விசாரித்து என் வீட்டுக்கே வந்து 3500க்கு வாங்கிப் போனார். கடைக்காரர் காதுக்கு எட்டியது. அவர் கோபித்ததில் ஒரு பிழையும் இல்லை. வாடகை கட்டி, வருகிறவர்களுக்கு என் பேனையை எடுத்துக் காட்டிப் பேசியது அவர், விற்றது நான். அன்றிலிருந்து இரண்டு இடத்திலும் ஒரே விலை. வீட்டில் விற்கும்போது மிச்சம் வருவதை நானும் ஒரு கடைக்காரன் என்று நினைத்து எடுத்துக்கொள்கிறேன்.

2022 உனக்கும் மறக்காது. டொலர் 200 ரூபாயில் நின்றது, மூன்று மாதத்துக்குள் 360. என்னிடம் பழைய விலையில் வாங்கிய கிட் கொஞ்சம் கிடந்தது. அடக்க விலை குறைவுதானே, ஏன் ஏற்ற வேண்டும் என்று பழைய விலைக்கே விற்றேன். நல்ல மனிதன் என்று பெயர் எடுத்தேன். பெட்டி காலியானதும் கிட்டுக்கென்று ஒதுக்கி வைத்த காசை எண்ணிப் பார்த்தால், விற்ற எண்ணிக்கைக்குத் திரும்பக் கிட் வாங்க முடியவில்லை. அந்தப் பங்குனிக் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, மெஷினும் சும்மாதான் கிடந்தது, அதனால் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது வாங்கிய விலையைப் பார்ப்பதில்லை, திரும்ப வாங்கப் போனால் என்ன விலை என்றுதான் பார்க்கிறேன்.

கிட் விலையை மூன்றால் பெருக்கினால் பேனை விலை என்று இந்தத் தொழிலில் ஒரு சூத்திரம் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. 3000 ரூபாய் மைப்பேனைக் கிட்டுக்கு 9000 கேட்கச் சொல்லும் அது. எனக்குக் கூடுதலாகப் போவது அரை மணித்தியாலந்தான், அதற்கு எந்த முகத்தோடு 9000 கேட்பது?

மரத்தைப் பொறுத்தும் விலை மாறுகிறது. முதிரையும் சவண்டலையும் ஒரே விலை. சவண்டலையைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். வெளிநாட்டார் அதற்கு வைத்த பெயரே திருகோணமலை மரம், ஒரு காலத்தில் மதராசுக் கரையின் மசூலாப் படகுகளுக்கு இதுதான் போனது. அதைச் சொன்னால் வாங்குகிறவர் முகம் மலரும், ஆனால் கதைக்கு நான் காசு வாங்குவதில்லை. முதிரைத் தூள் என் கையில் சொறி போடுகிறது, அதற்கு வேண்டுமானால் வாங்கலாம்! கருங்காலிக்கு 500 கூட. சாண்ட் பேப்பர் பிடிக்கும்போது சூடேறினால் நூல்போல வெடிக்கும், பத்துக்கு மூன்று போய்விடும். பனைக்கும் 500 கூட. அந்தக் கறுப்பு நார் உளியில் பிடுங்கிக்கொண்டு வரும், பசையை ஊறவிட்டு ஊறவிட்டுக் கடைய வேண்டும். ஆடி ஆவணியில் கனடாவிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது பனைதான். மரமெல்லாம் மரக்காலையில் மிஞ்சும் துண்டும் பழைய வீட்டு வளையுந்தான், பற்றுச்சீட்டையும் வாங்கி வைக்கிறேன். காட்டு மர விஷயத்தில் வில்லங்கம் வேண்டாம்.

போன மாதம் ஓர் அலுவலகம் பிரியாவிடைக்கு ஐம்பது பேனை கேட்டது, பாதி விலைக்கு. மொத்தமாகச் செய்தால் செலவில் எனக்கு மிச்சப்படுவது பேனைக்கு 300 ரூபாய் அளவுதான், அதோடு கடைப் பங்கும் கொடுக்கத் தேவையில்லை. 3800 சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். போகட்டும். வேறு இடத்தில் பிளாஸ்டிக் பேனையில் பெயர் அச்சடித்து வாங்கினால் அதிலும் பிழையில்லை, அது வேறு பொருள்.

சொந்தக்காரர்களுக்கு விலை குறைப்பதை நிறுத்திவிட்டேன். குறைத்தால் அதுதான் உண்மையான விலை என்று ஊரெல்லாம் பரவும். கொடுப்பதென்றால் சும்மா கொடுத்துவிடுகிறேன். அப்படித்தான் உன் பேத்திக்கு ஒன்று இதனுடன் வருகிறது, பல்கலைக்கழகம் போகிறாளாமே. பனைதான். கிளிப்பும் முனையும் குரோம் பூசியது. தங்கப் பூச்சு எங்கள் வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் தாக்குப்பிடிக்காது. இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்த பிறகு நான் அதைத் தொடுவதில்லை. விலைச்சீட்டை வேண்டுமென்றே உரிக்கவில்லை, நீ பார்க்கத்தான். பார்த்த பிறகு உரித்துவிட்டு அவளிடம் கொடு.

ரீஃபில் முடிந்தால் முனையைத் திருகிப் பார்க்க வேண்டாம் என்று சொல். நடு வளையத்துக்கு மேல் பாதியைப் பிடித்து நேராக இழுக்க, கழன்று வரும். உள்ளே இருக்கும் ரீஃபிலின் மேல் நுனியைத் திருகி, மேல் பக்கமாக வெளியே எடுக்கலாம். கிராஸ் (Cross) கம்பனிப் பேனைக்குப் போடும் வகை ரீஃபில்தான் பொருந்தும். மட்டக்களப்பில் கிடைக்காவிட்டால் எழுது, இரண்டு அனுப்புகிறேன்.

உன் பழைய வாங்குத் தோழன்