செல்லுக்குள் எலும்புக்கூடா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் செல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. செல்லுக்குள் இருக்கும் மூன்று வகைப் புரத இழைகளின் கட்டமைப்பான சைட்டோஸ்கெலிட்டனுக்கு வந்த இடத்தில்தான் இடறியது. 'உடம்புக்கு எலும்புக்கூடு போல' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பள்ளியில் விலங்கியல் நடத்திய காலமெல்லாம் நானும் இதே வரியைத்தான் கரும்பலகையில் எழுதினேன். அதனால் குறை சொல்ல வாய் கூசுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

எலும்புக்கூடு என்றால் அசையாமல் நின்று தாங்குவது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அந்த மூன்றில் ஒரு வகையான நுண்குழல்கள் ஒரே நிலையில் நிற்பதே இல்லை. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, 25 நானோமீட்டர் தடிமனில் குழல் நீள்கிறது. நீண்டுகொண்டே போனது திடீரென்று நுனியிலிருந்து உதிர்ந்து சரிகிறது. உதிர்ந்த துண்டுகள் வேறோர் இடத்தில் இன்னொரு குழலாகின்றன. 1984-இல் மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னது இது. எங்கள் ஊர்ப் பந்தல்காரர் காலையில் ஒரு கல்யாண வீட்டில் பிரித்த மூங்கிலை மாலைக்குள் அடுத்த தெருவில் ஊன்றிவிடுவார். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது. செல் பிரியும்போது பழைய குழல்கள் கலைந்து, கதிர்கோலாக எழுந்து குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்து இழுப்பதும் இப்படித்தான்.

இதற்குச் சாட்சி எங்கள் தாராபுரம் பக்கத் தோட்டங்களிலேயே இருக்கிறது. கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள். என் மைத்துனர் போட்டிருக்கிறார். இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக் கொடி ஏறும்; பூத்தால் காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் ஒற்ற வேண்டும். அந்த விதைக்கு விலை வருவது அதிலுள்ள கோல்சிசினுக்காக. இது டியூபுலினைப் பிடித்துக்கொண்டு, குழல் கட்ட விடாது. கவுட் வாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் விஷம். கிழங்கைத் தெரியாமல் தின்றவருக்கு முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிழைத்து எழுந்தால் முடி கொட்டும். குடல், மயிர்க்கால் எல்லாம் செல் ஓயாமல் பிரியும் இடங்கள் அல்லவா? கோல்சிசின் எதைப் போய்ப் பிடிக்கிறது என்று 1960-களில் தேடியபோதுதான் டியூபுலினே அகப்பட்டது. மனிதனுக்குக் குரோமோசோம் 48 அல்ல, 46 என்று 1956-இல் எண்ணிச் சொன்னவர்களும் இதைப் பயன்படுத்தித்தான் செல்களைப் பிரியும் கட்டத்தில் நிறுத்திவைத்தார்கள்.

சரி, கட்ட விடாவிட்டால் செல் நின்றுபோகும். கலைய விடாவிட்டால்? அப்போதும் நின்றுபோகும். மார்பகப் புற்றுநோய்க்கு என் அக்காவுக்கு ஏற்றிய பாக்லிடாக்சல் என்ற மருந்து அந்த வேலையைத்தான் செய்கிறது. குழலை இறுக்கி, உதிராமல் வைக்கிறது. வெறும் எலும்புக்கூடாக இருந்தால், உறுதியாக்க உறுதியாக்கச் செல்லுக்கு நல்லதுதானே! புற்றுச்செல் சாகிறது. கூடவே அக்காவுக்குக் கால்விரல்கள் மரத்துப்போயின. மெத்தை மேல் நடப்பது போல இருக்கிறது என்றார். இடுப்புப் பக்கத்திலிருந்து கால்விரல் வரை ஒரே நரம்புச் செல்லின் இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் சரக்கு போகும் தண்டவாளம் இந்தக் குழல்கள்தாம். கைனெசின் என்ற புரதம் காலடிக்கு 8 நானோமீட்டராக நடந்து சரக்கைச் சுமந்து போகிறது. திரும்பிச் சுமந்து வர டைனீன் என்ற இன்னொரு புரதம். பாதை கெட்டால் முதலில் அடிபடுவது கடைக்கோடி. மருந்து ஏற்றும் முன் இதை யாராவது இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால், செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் அவர் வாசற்படியில் விழுந்திருக்க மாட்டார்.

இரண்டாம் வகையான ஆக்டின் இழையை விட்டுவிட்டேன். வெள்ளையணு ஊர்வதும் தசை சுருங்குவதும் அந்த 7 நானோமீட்டர் இழையால்தான். தனிக் கட்டுரைக்கே தகும். எலும்புக்கூடு உவமையை விட மனமில்லையென்றால், கட்டுரையாளர் அதை மூன்றாம் வகையான இடைநிலை இழைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின் அந்த வகை; இழுவையைத் தாங்குவதே அதன் வேலை. மற்ற இரண்டுக்கும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தாராபுரம்.